நாலக்கா கட்டிடத்துச் சுமைதாங்கி

என் மாமியாருக்குக் கழுத்து குனியாது. எலும்பு தேய்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது என்கிறார் டாக்டர். ஒட்டுவதற்கு முன்பும் அது குனிந்து நான் பார்த்ததில்லை. மொத்த மார்க்கெட்டில் மூட்டை சுமக்கிறவர். அங்கே அவருக்குக் கழுத்தக்கா என்று பெயர். வீட்டில் நான் அத்தை என்பேன். கோபம் வந்தால் ஒன்றும் சொல்லாமல் பாத்திரத்தை நங்கென்று வைப்பேன். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பது எங்கள் வீட்டுக்காகவே சொன்ன பழமொழி. அப்படியிருந்தும் அவரைப் பற்றி நான்தான் சொல்லியாக வேண்டும். அவர் பெற்ற பிள்ளை லாரி ஓட்டுகிறார், மாதத்தில் பாதி நாள் ஊரில் இருப்பதில்லை. நடந்ததையெல்லாம் நேரில் பார்த்தவள் நான்.

பார்க்காமல் இருக்கவும் வழியில்லை. என் தையல் மெஷின் மார்க்கெட் தெருவில் ஒரு கடையின் வாசலை ஒட்டி இருக்கிறது. தலை நிமிர்ந்தால் நேரெதிரே நாலக்கா கட்டிடம்.

கட்டியபோது அதற்கு வேறு பெயர். தானிய வியாபாரிகள் கூட்டுச் சேர்ந்து கட்டியது. பணம் கொழுத்துப்போனவர்களுக்கு உள்ளூர்த் தூண் பிடிக்கவில்லை. கிரேக்க நாட்டுப் பழைய கோயில் ஒன்றின் படத்தை யாரோ காட்ட, எங்களுக்கும் அப்படியே வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றிருக்கிறார்கள். அதனால் முகப்பில் தூணுக்குப் பதில் நான்கு கல் பெண்கள். மடிப்பு மடிப்பாக விழும் நீள அங்கி, முதுகில் தடித்த பின்னல், தலைக்கு மேல் கட்டிடத்தின் முன்கூரை. கட்டியவர்களின் பெயர் கல்வெட்டில்கூட அழிந்துவிட்டது. பெண்கள் நின்றுவிட்டார்கள்.

ஊர் அவர்களை விடவில்லை. மூக்கு உடைந்தவள், சிரிப்புக்காரி, முறைப்புக்காரி, கடைசிக்காரி என்று ஆளுக்கொரு பெயர் வைத்தது. பஸ் கண்டக்டர் "நாலக்கா எல்லாம் இறங்கு" என்று கத்துவார். பேக்கரிக்காரர் கேக் பெட்டியில் நாலு பேரையும் அச்சடித்திருக்கிறார், அதில் எல்லோருக்கும் மூக்கு உண்டு. புதிதாகக் கட்டிய கல்யாண மண்டபத்தில் சிமென்ட்டில் நாலு அக்காக்களை நிறுத்தினார்கள். செய்தவருக்கு அளவு தவறி, நால்வரும் சாப்பாட்டுப் பந்தியிலிருந்து எழுந்து வந்தவர்கள் போல இருக்கிறார்கள். பள்ளிக்கூடம் போகும் பெண்கள் அந்தத் தடித்த பின்னலை அக்கா பின்னல் என்று போட்டுக்கொள்கிறார்கள். யாராவது தன்னால்தான் குடும்பமே நடக்கிறது என்று அலட்டினால், "நாலக்கா இருக்கும்போது நீ எதுக்குக் கூரையைத் தாங்குறே?" என்று கேட்பது இங்கே வழக்கம். கிரேக்க நாடு எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

மூட்டை சுமக்கும் பெண்களுக்கு அவர்கள் இன்னும் நெருக்கம். காரணம் சும்மாடு. மூட்டைக்கும் தலைக்கும் நடுவே துணியைச் சுருட்டி வளையமாக வைப்பார்களே, அதேதான். கல் அக்காக்கள் நால்வரின் தலையிலும் கூரைக்குக் கீழே உருண்டையாக ஒரு வளையம் செதுக்கியிருக்கிறது. சும்மாடு இருந்தால் சுமக்கிறவள், அதில் என்ன சந்தேகம்? நம்ம தொழில் செய்தவர்களுக்கு யாரோ மனம் வைத்து எழுப்பிய சிலை என்றே எங்கள் பெண்கள் நம்பினார்கள். புதிதாக வேலைக்கு வருகிறவளை முதலில் சிலைக்கு முன்னால் நிறுத்துவார் என் மாமியார். "ஒரு கால்ல பாரம், ஒரு முட்டி தளர்ந்து கெடக்கு பாத்தியா? ரெண்டு காலையும் வெறைப்பா ஊனினா இடுப்பு போயிடும். மாத்தி மாத்தி நில்லு." அவ்வளவுதான் பயிற்சி.

இதெல்லாம் பெருமைக்கு. பிழைப்புக்கு உதவியது அக்காக்களின் காலடி.

சிலைகள் நிற்கும் கல்மேடை எங்கள் தோள் உயரத்தில் தெருவை நோக்கி நீண்டிருக்கிறது. மூட்டை சுமப்பதில் கஷ்டம் நடப்பதில் இல்லை, ஏற்றுவதிலும் இறக்குவதிலும் இருக்கிறது. தனியாக எவளாலும் முடியாது, கை கொடுக்க ஆள் வேண்டும். என் மாமனார் போய்ச் சேர்ந்து, கைக்குழந்தையோடு அத்தை மார்க்கெட்டுக்கு வந்தபோது, அங்கே கை கொடுப்பதெல்லாம் ஆண்கள் கூட்டம். பெண்ணுக்குக் கை கொடுத்தால் கூலியில் பங்கு கேட்பார்கள். பங்கோடு நின்றால் பரவாயில்லை, சிலருக்குக் கை மூட்டையோடு நிற்காது. அத்தை ஒருவன் விரலை மடக்கி ஒடித்துவிட்டார் என்று பேச்சு உண்டு. கேட்டால், "அவனா மடக்கிக்கிட்டான்" என்பார்.

அதற்குப் பிறகு யாரும் அவருக்குக் கை கொடுக்கவில்லை. அத்தை சுற்றுமுற்றும் பார்த்தார். லாரியின் தட்டும் அக்காக்களின் மேடையும் ஏறக்குறைய ஒரே உயரம். லாரிக்காரரைப் பின்னால் ஒட்டி நிறுத்தச் சொல்லி, மூட்டையை மேடைக்குத் தள்ளவைத்து, கீழே முதுகைக் காட்டி நின்று, முட்டியை மடக்கி, மூட்டையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு நிமிர்ந்துவிட்டார். எந்த ஆம்பளை கையும் தேவைப்படவில்லை. அதைப் பார்த்து இன்னொருத்தி வந்தாள், பிறகு இன்னொருத்தி. மேடைக்குச் சுமைதாங்கி என்று பெயர் வந்தது. மார்க்கெட்டில் இன்று பெண்கள் சுமக்கிறார்கள் என்றால் அந்தக் கல் விளிம்பு ஒன்றுதான் காரணம். அது போனால் மறுபடி மார்க்கெட்டின் பின்சந்தில் போய், ஆண்கள் கூட்டத்திடம் கைக்காகக் காத்து நிற்க வேண்டும்.

கட்டிடம் பல காலம் பூட்டிக் கிடந்தது. பிறகு ஒரு கம்பெனி வாங்கி ஹோட்டலாக்கியது. சிலைகளைச் சோப்பு நுரை போட்டுக் கழுவினார்கள். கடைசிக்காரிக்குக் கண் இமை உண்டு என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. எங்கள் பெண்களுக்கு ஏக சந்தோஷம். திறப்பு விழாவுக்குத் தெருவிலேயே நாற்காலி போட்டு எல்லோரையும் கூப்பிட்டார்கள். அத்தை பெட்டியிலிருந்து நல்ல புடவையை எடுத்துக் கட்டி, முன் வரிசையில் போய் உட்கார்ந்தார்.

சிலைகளைப் பற்றிப் பேச ஒரு பேராசிரியர் வந்திருந்தார். நல்ல மனிதர், குரலில் கர்வமே இல்லை. பழைய கிரேக்கத்தில் ஓர் ஊர் எதிரியோடு சேர்ந்ததாம். ஜெயித்தவர்கள் அந்த ஊர் ஆண்களைக் கொன்று, பெண்களை அடிமைகளாகக் கொண்டுபோனார்களாம். அந்த அவமானம் காலாகாலத்துக்கும் மறக்கக் கூடாது என்று, பாரம் சுமக்கும் பெண்களைத் தூணாக நிறுத்தினார்களாம். ரோமாபுரிக் கட்டிடக்காரர் ஒருவர் இப்படி எழுதிவைத்திருக்கிறார், எல்லா அறிஞர்களும் இதை ஒப்புக்கொள்வதில்லை, தலையில் இருப்பது பூசைக் கூடையாகவும் இருக்கலாம் என்று அவர் நேர்மையாகச் சொல்லத்தான் செய்தார். ஆனால் தண்டனை என்ற வார்த்தை விழுந்த பிறகு கூடை யார் காதில் ஏறும்?

எங்கள் பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். முன் வரிசையில் அத்தை எழுந்து நின்றார்.

"சார், எதிரியோட சேந்தது யாரு? பொம்பளைங்களா?"

"இல்லம்மா. ஊர்த் தலைவருங்க. ஆம்பளைங்க."

"தண்டனை மட்டும் இவங்களுக்கா?"

பேராசிரியர் மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "அந்தக் காலத்து நியாயம் அப்படிம்மா" என்றார்.

"இந்தக் காலத்துலயும் ஒண்ணும் மாறிடல சார்" என்று சொல்லிவிட்டு அத்தை உட்கார்ந்தார். பின்வரிசையில் கைதட்டல் எழுந்தது. எனக்குக் கைதட்டத் தோன்றவில்லை. பின்னாலிருந்து பார்க்க, அவர் தோள் இறங்கியிருந்தது.

அன்றிரவு சாப்பாட்டுத் தட்டின் முன் அப்படியே உட்கார்ந்திருந்தார். "இத்தன வருஷமா மரியாதைக்கு வெச்ச செலன்னு நெனச்சேன்டி. எத்தன பொண்ணுங்கள அங்க கூட்டிட்டுப் போய், 'இவளப் பாரு, இவள மாதிரி நில்லு'ன்னு சொல்லியிருக்கேன்? அடிமையக் காட்டியா சொல்லிக் குடுத்தேன்?"

அந்தப் பேராசிரியரை இரண்டு வார்த்தை கேட்க வேண்டும் போல இருந்தது. அவர் என்ன செய்வார், படித்ததைச் சொன்னார்.

"கதைய விடுங்க அத்தை. கதையா சோறு போடுது?"

"சோறு போட்டது கதையில்ல. கல்லு" என்றார். பிறகு, "வெச்சவன் என்ன நெனச்சா என்ன? அவன் செத்து மண்ணாப் போய்ட்டான். இவளுங்க இன்னும் நிக்கிறாளுங்க" என்றார். அதன் பிறகு தட்டைக் காலி செய்து, மறுசோறும் கேட்டார்.

இரண்டு நாள் கழித்து, அத்தை என் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது, ஹோட்டல் மேனேஜர் என் கடைக்கே வந்தார். சின்ன வயசு, வெயிலில் கோட்டுப் போட்டுக்கொண்டு அவஸ்தைப்படுகிற பிள்ளை. விழாவில் கேள்வி கேட்ட அம்மாவை முதலாளிகளுக்குப் பிடித்துவிட்டதாம். வெள்ளை அங்கி உடுத்தி, தலையில் ஒரு காலிக் கூடையோடு, அக்காக்களுக்குப் பக்கத்தில் ஐந்தாவது ஆளாக நிற்க வேண்டும். வருகிறவர்கள் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். மாதச் சம்பளம், மதியச் சாப்பாடு, வாரத்தில் ஒரு நாள் லீவு.

நான் அப்போதே சரி என்று சொல்லியிருப்பேன். அந்தக் கழுத்துக்கு ராத்திரியெல்லாம் ஒத்தடம் கொடுப்பவள் நான். இன்றைக்கும் சொல்கிறேன், அதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் அத்தை மேனேஜரைப் பார்த்துக் கேட்டார்:

"கூடையில என்ன இருக்கும்?"

"ஒண்ணுமே இருக்காதும்மா. காலிதான். உங்களுக்குச் சுமையே இல்ல."

"சுமையில்லாம எதுக்குத் தம்பி தலையில தூக்கணும்?"

அந்தப் பிள்ளை கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கிளம்பினார். ஆனால் போகும்போது தயங்கி நின்று, உண்மையைச் சொல்லிவிட்டுப் போனார். மேடையைச் சுற்றி இரும்பு வேலி வரப்போகிறது. சிலையின் பாதத்தில் மூட்டை உரசிக் கல் தேய்கிறதாம். லாரிகளையும் இனிப் பின்சந்துக்கு அனுப்பச் சொல்லி மேலிடத்து உத்தரவு. "அதனாலதாம்மா உங்களுக்காவது ஒரு வேலை ஏற்பாடு பண்ணலாம்னு" என்றார். நல்லெண்ணம்தான். தலையை எடுத்துவிட்டுத் தலைப்பாகை கொடுக்கிற நல்லெண்ணம்.

அத்தை நியாயமாகத்தான் போனார். மூட்டைக்கடியில் கோணி விரித்துக்கொள்கிறோம், பாதத்தில் படாமல் வைக்கிறோம் என்று இரண்டு முறை போய்ச் சொன்னார். மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்றார் மேனேஜர். மேலிடம் எந்த மாடியில் இருந்ததோ, பதில் இறங்கி வரவேயில்லை.

வேலிதான் வந்தது. வெல்டிங்காரர்கள் விடிந்ததும் வந்து கம்பியை நட்டு போல்ட் போட்டு இறுக்கினார்கள். வெயில் ஏறுவதற்குள் மேடையைச் சுற்றி இடுப்புக்கு மேல் கூர்முனைக் கம்பிகள். நான் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் வாயில் வந்ததையெல்லாம் இங்கே எழுத முடியாது.

அப்போதுதான் மார்க்கெட் சந்திலிருந்து அத்தை வெளியே வந்தார். தலையில் வெங்காய மூட்டை, கடைக்குள் அடுக்கின் மேலிருந்து தலைக்கு இழுத்துக்கொண்டது. ஒரு வியாபாரியின் வேன் வெளியே காத்திருந்தது. மூட்டையை மேடையில் சாய்த்து, அங்கிருந்து வேனுக்குத் தள்ளுவதுதான் எப்போதும் செய்வது. வேலி வரை வந்தார். கம்பியைப் பார்த்தார். நின்றார்.

வேன்காரர் இறங்கி ஓடிவந்தார். "கழுத்தக்கா, இருங்க, நான் கை குடுக்கறேன்."

"வேணாம். எறக்கற எடத்துல எறக்கிக்கறேன்."

"எடத்த அடச்சிட்டாங்களேக்கா!"

"தெறக்கட்டும்."

ஒரு முட்டியைத் தளர்த்தி, மறு காலில் பாரத்தை விட்டு, கடைசிக்காரிக்கு நேர் கீழே நின்றுகொண்டார். சத்தம் போடவில்லை, கோஷம் போடவில்லை. மூட்டையோடு நிற்கிற ஆள் கோஷம் போட முடியாது, மூச்சு கழுத்துக்குத் தேவை. சந்திலிருந்து அடுத்தவள் மூட்டையோடு வந்தாள். பார்த்தாள். பக்கத்தில் போய் நின்றாள். அதற்கடுத்தவளும் அப்படியே. நான் அவர்களை எண்ணவில்லை. மேலே நான்கு பேர், கீழே அதைவிட நிறையப் பேர், எல்லோரும் ஒரு முட்டி தளர்ந்து.

மார்க்கெட் திணறிப் போயிற்று. சரக்கெல்லாம் பெண்கள் தலையில் நிற்கிறது. வியாபாரிகள் கத்தினார்கள், வேன்கள் ஹாரன் அடித்தன. ஆண்கள் கூட்டத்தில் ஒருவர் முன்னால் வந்து, "எல்லாரும் எறக்குங்க, இன்னிக்குப் பங்கு வேணாம், சும்மாவே கை குடுக்கறோம்" என்றார். "நாளைக்கு?" என்று கேட்டாள் ஒருத்தி. அவர் பின்னால் போய்விட்டார்.

நான் தண்ணீர்ச் செம்போடு ஓடினேன். "குடிங்க அத்தை."

"அண்ணாந்தா மூட்டை போயிடும்டி, புத்தி இருக்கா? ஜூஸ் கடையில குழல் வாங்கிட்டு வா."

அந்த நேரத்திலும் என்னைத் திட்டத் தெம்பு இருந்தது. குழல் வாங்கிவந்து வரிசையாக ஒவ்வொருத்தி வாயிலும் வைத்தேன். அத்தையின் கழுத்து நரம்பு விரல் தடிமனுக்குப் புடைத்திருந்தது. எனக்கு அழுகை வந்தது. அவர் எதிரில் அழுதால் அதற்கும் திட்டுவார் என்று அடக்கிக்கொண்டேன்.

மேனேஜர் ஓடிவந்தார். கோட்டு இல்லை, சட்டையெல்லாம் வியர்வை.

"அம்மா, ப்ளீஸ்மா. கீழ வைங்க. ஏதாவது ஆயிடப்போகுது."

"எங்க வெக்கறது? நீங்களே சொல்லுங்க."

அவர் தரையைப் பார்த்தார். தரையில் வைத்தால் திரும்பத் தூக்க ஆள் வேண்டும் என்று அவருக்கே தெரிந்திருந்தது. குரலைத் தாழ்த்தி, "உங்களுக்கு மட்டும் ஒரு சின்னக் கேட் வெச்சுத் தரச் சொல்றேன். சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். ஒருத்தருக்குன்னா மேல ஒத்துக்குவாங்க" என்றார்.

"நான் ஒருத்தி இல்ல சார். திரும்பிப் பாருங்க."

அவர் திரும்பிப் பார்த்தார். அப்புறம் மேலே அண்ணாந்து கல் முகங்களையும் பார்த்தார். வெயில் அவர் கண்ணில் விழுந்தது. போனை எடுத்து யாரிடமோ பேசினார், கெஞ்சினார், கடைசியில் அந்தப் பக்கம் பேசிக்கொண்டிருக்கும்போதே அணைத்துப் பையில் போட்டுக்கொண்டார். வெல்டிங்காரர்களைப் பார்த்து, "நடுவுல இருக்கற கம்பியெல்லாம் கழட்டுங்க" என்றார். அவர்கள் ஏற்கெனவே ஸ்பேனரைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டுதான் நின்றிருந்தார்கள்.

வழி திறந்தது. முதலில் போக வேண்டியவர் அத்தை. அவர் நகரவில்லை. புதிதாக வேலைக்கு வந்த பெண் ஒருத்தி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றிருந்தாள், "நீ போ" என்றார். பிறகு ஒவ்வொருத்தியாக அனுப்பினார். எல்லோரும் முதுகைத் திருப்பி, முட்டியை மடக்கி, மூட்டையைக் கல்லில் சாய்த்தார்கள். கடைசியாக அவருடைய மூட்டை மேடையில் விழுந்த சத்தம் என் கடை வரைக்கும் கேட்டிருக்கும்.

தலை இலேசானதும் அவர் ஆடினார். நான் போய்த் தோளைப் பிடித்தேன். கையைத் தட்டிவிட்டார்.

மேனேஜர் பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்: "அம்மா, என் வேலையே போகலாம். இன்னிக்கு ஒரு நாளைக்குத்தான் என்னால முடியும். நாளைக்கு மறுபடி மாட்டச் சொல்லிடுவாங்க."

அத்தை சும்மாட்டை உதறினார். வியர்வையில் நனைந்து கிடந்த அதை நிதானமாகப் பிழிந்து, உலர்த்துவதற்காக மிச்சமிருந்த வேலிக் கம்பியின் கூர்முனையிலேயே குத்திவைத்தார்.

"மாட்டட்டும் தம்பி. நாளைக்கு உருளைக்கெழங்கு லாரி வருது. அது வெங்காயத்தவிட கனம்."